குளிர் யாருடைய கணக்கில்? – மொன்றியல் சூடேறிய வரலாறு

ஒக்ரோபர் பிறந்துவிட்டால் மொன்றியலின் பார்க் எக்ஸ்ரென்சனிலும் கோட் டி நேஜிலும் உள்ள சாமான்கடைகளில் சிறிய மின்சார ஹீற்றர்கள் முன்பக்கத்துக்கு வந்துவிடும். விசிறி வைத்தது, செரமிக் தட்டு வைத்தது, எண்ணெய் நிரப்பியது, சிவப்பாக ஒளிர்வது என்று பலவகை. உணவகங்களில் கோப்பை கழுவியும் மரக்கறி வெட்டியும் நடுச்சாமத்தில் வீடு திரும்பும் எங்களிடையே வருடாவருடம் ஒரே விவாதம்தான் எழும். எது கரண்ட் குறைவாக இழுக்கும்? எது கூடச் சூடு தரும்? விலை கூடியதை வாங்கினால் பில் குறையுமா?

இந்தக் கேள்விகளுக்குப் பௌதிகம் சொல்லும் பதில் மிகச் சுருக்கமானது. அதைப் பின்னால் சொல்கிறோம். அதற்கு முன் கேட்கவேண்டிய இன்னொன்று இருக்கிறது. வருடத்தில் ஐந்து மாதம் குளிரும் ஒரு நகரத்தில், வீட்டைச் சூடாக்கும் வேலை எப்படி வாடகைக்கு இருப்பவனுடைய தனிப்பட்ட பிரச்சினையாக மாறியது? அந்தச் சிறு ஹீற்றரை நாங்கள் வாங்கவேண்டி வந்தது எப்படி? இதற்கு வரலாற்றைப் புரட்டாமல் பதில் இல்லை.

1642 இல் பிரெஞ்சுக்காரர்கள் இந்தத் தீவில் குடியேறியபோது தங்கள் நாட்டுக் கணப்பு அடுப்பைத்தான் கொண்டுவந்தார்கள். திறந்த கணப்பு பார்வைக்கு அழகு. ஆனால் அதன் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடும். முகம் வேகும், முதுகு விறைக்கும். கனடாக் குளிருக்கு அது போதாது என்பதை அவர்கள் விரைவிலேயே உணர்ந்தார்கள். ட்ரோவா ரிவியேர் நகரத்துக்கு அருகே 1730களில் தொடங்கிய சென் மொரிஸ் இரும்பாலை வார்த்த மூடிய இரும்பு அடுப்புகள்தான் பிறகு இங்குள்ள வீடுகளைக் காப்பாற்றின. 1883 இல் மூடப்படும்வரை அந்த ஆலை இயங்கியது. நாலு பக்கமும் சூடு வீசும் ஒரு இரும்புப் பெட்டி, அதைச் சுற்றி ஒரு குடும்பம். கியூபெக்கின் குளிர்காலம் நெடுங்காலம் இப்படித்தான் கழிந்தது.

நெருப்போடு வாழ்ந்த நகரம் நெருப்புக்குப் பயந்த நகரமாகவும் இருந்தது. 1734 ஏப்ரலில் மொன்றியலில் பிடித்த தீயில் நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. தீ எப்படித் தொடங்கியது என்பது இன்றுவரை தீர்மானமாகவில்லை. ஆனால் குற்றவாளியைக் கண்டுபிடிக்க நகரத்துக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. மரி ஜோசெஃப் அஞ்சலிக் என்ற கறுப்பின அடிமைப் பெண்ணைப் பிடித்தார்கள். சித்திரவதை செய்தார்கள். ஜூன் மாதம் தூக்கிலிட்டார்கள். ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தால் முதற்பார்வை எந்தக் கதவின் பக்கம் திரும்பும் என்பது வந்தேறிகளான எங்களுக்குத் தெரியாத விடயமல்ல.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழிற்சாலைகள் வந்தன. தொழிலாளருக்காக இரண்டு மூன்று தட்டு வீடுகள் நெருக்கமாக எழுந்தன. மொன்றியலின் அடையாளமாக இன்று படங்களில் வரும் வெளிப்புற இரும்புப் படிக்கட்டுகள் அந்தக் காலத்தவை. படிக்கட்டை வெளியே தள்ளினால் உள்ளே சூடாக்கவேண்டிய இடம் குறையும் என்பதும் அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. பனி உறைந்த அந்தப் படிகளில் அரிசி மூட்டையோடு ஏறுபவருக்கு யாருடைய செலவு மிச்சமானது என்பது விளங்கும்.

உள்ளே ஒரு நீண்ட ஒடுங்கிய வீடு. நடுவில் ஒரு அடுப்பு. முதலில் விறகு, பிறகு நிலக்கரி, இரண்டாம் உலகயுத்தத்துக்குப் பின் எண்ணெய். எண்ணெய்த்தாங்கி பின்வளவுக் கொட்டிலில் இருக்கும். அடுப்புக்குக் கிட்ட இருக்கும் அறை வேகும், தெருப்பக்க அறையில் யன்னலின் உட்புறத்தில் பனி பூக்கும். இன்னொரு பக்கம், நிலவறையில் பெரிய கொதிகலன் வைத்துக் குழாய்கள் வழியே எல்லா வீடுகளுக்கும் வெந்நீர் அனுப்பும் அப்பார்ட்மென்ற் கட்டடங்களும் எழுந்தன. அங்கே சூடு வாடகைக்குள் அடங்கியது. கொதிகலன் வீட்டுக்காரருடையது, எரிபொருட் பில்லும் அவருடையது.

இந்த இடத்தில் மின்சாரம் வருகிறது. மின்சாரத்தோடு அரசியலும் வருகிறது.

1901 இல் உருவான ஒரு கம்பனியின் பெயர் மொன்றியல் லைற், ஹீற் அன்ட் பவர். ஒளி, வெப்பம், சக்தி மூன்றும் ஒரே பெயரில், ஒரே கையில். ஹெர்பேட் ஹோல்ற் என்பவர் அதன் தலைவர். நகரத்தின் எரிவாயுவும் மின்சாரமும் அந்தக் கம்பனியிடம் இருந்தன. கட்டணம் அதிகம் என்ற முறைப்பாடு பல வருடங்களாக எழுந்து, கடைசியில் 1944 ஏப்ரலில் அடேலார் கொட்பூ அரசாங்கம் கம்பனியைப் பறித்து அரசுடைமையாக்கியது. ஹைட்ரோ கியூபெக் பிறந்தது அப்படித்தான். மாகாணத்தின் ஏனைய கம்பனிகள் தனியாரிடமே இருந்தன. 1962 இல் இயற்கை வள அமைச்சர் ரெனே லெவெக் அவற்றையும் எடுக்கவேண்டும் என்று நின்றார். அதை முன்வைத்தே ஜோன் லெசாஜ் அந்த நவம்பரில் தேர்தலுக்குப் போனார். ‘எங்கள் வீட்டுக்கு நாங்களே எசமானர்’ என்பது அவர்களின் கோஷம். வென்றார்கள். 1963 மே மாதம் கம்பனிகள் அரசின் கைக்கு வந்தன.

ஆங்கில முதலாளிகளின் கீழ் சொந்த மண்ணிலேயே இரண்டாந்தரமாக நடத்தப்பட்ட ஒரு மொழிச் சமூகம், தன் ஆறுகளைத் தன்னுடையதாக்கிக்கொண்ட கதை இது. மொழி, நிலம், உரிமை என்ற சொற்களோடு வளர்ந்த எங்களுக்கு அதை அனுதாபத்தோடு படிக்காமல் இருக்க முடியாது. ஆனால் ‘எங்கள் வீடு’ என்று சொல்லும்போது அந்த வீட்டுக்குள் யார் யார் அடக்கம் என்ற கேள்வியையும் எங்கள் அனுபவம்தான் கேட்க வைக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

மின்சாரத்தால் சூடேற்றும் கருவி சிக்கலானதல்ல. 1906 இல் அமெரிக்கரான அல்பேட் மார்ஷ் நிக்கலையும் குரோமியத்தையும் கலந்த ஒரு கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். சிவக்கச் சூடேறினாலும் எளிதில் எரிந்து அறாத கம்பி. ரோஸ்ரரிலும், தலைமயிர் உலர்த்தியிலும், எங்கள் அறை ஹீற்றரிலும் இருப்பது அதன் வம்சம்தான். கருவி இருந்தும் மொன்றியல் உடனே மின்சாரத்துக்கு மாறவில்லை. எண்ணெய் மலிவாக இருந்தது.

1973 இலும் 1979 இலும் எண்ணெய் விலை எகிறியது. அதே காலத்தில் வடக்கே ஜேம்ஸ் குடாவில் பிரமாண்டமான அணைகள் எழுந்தன. 1979 ஒக்ரோபரில் எல்.ஜி. 2 என்ற மின்நிலையம் திறக்கப்பட்டது. மின்சாரம் மிஞ்சியது. எண்ணெயை விட்டு மின்சாரத்துக்கு வாருங்கள் என்று சலுகைகளும் கொடுத்தார்கள். வீடுகளில் சுவரடியில் நீளமாகப் பொருத்தும் பேஸ்போட் ஹீற்றர்கள் பெருகின. இன்று கியூபெக் வீடுகளில் பெரும்பாலானவை மின்சாரத்தால்தான் சூடாகின்றன.

இந்த மாற்றத்தோடு சத்தமில்லாமல் இன்னொன்றும் நடந்தது. பேஸ்போட் ஹீற்றர் வந்த வீட்டுக்குத் தனி மீற்றர் உண்டு. தனி மீற்றர் என்றால் தனி பில். பொதுக் கொதிகலனைக் கழற்றிய கட்டடத்தில், நேற்றுவரை வீட்டுக்காரர் செலுத்திய சூட்டை இன்றுமுதல் வாடகைக்காரர் செலுத்தினார். சுவரில் பஞ்சு அடைப்பதும், காற்று நுழையும் யன்னலை மாற்றுவதும் வீட்டுக்காரரின் வேலை. அதைச் செய்யாவிட்டால் வரும் நட்டம் இப்போது அவருடையதல்ல. இந்த ஊரில் வாடகை அறிவித்தல்களில் மூன்றரை, நாலரை என்று அறைக்கணக்குப் போட்டு, பக்கத்தில் ‘ஷோஃபே’ என்று எழுதியிருப்பார்கள், சூடு வாடகைக்குள் சேர்த்தி என்று அர்த்தம். அந்த ஒரு சொல் இல்லாத அறிவித்தல்களின் வாடகை ஐம்பதோ நூறோ குறைந்திருக்கும். புதிதாக வந்தவர் குறைந்த எண்ணைத்தான் பார்ப்பார். ஜனவரியில்தான் மிச்சம் தெரியும்.

எங்கள் சனம் இங்கு வந்து சேர்ந்தது சரியாக இந்த மாற்றம் நடந்த காலத்தில்தான். 1983 இன் பின் தமிழர்கள் மொன்றியலில் இறங்கத் தொடங்கினார்கள். 1986 ஓகஸ்ற்றில் நியூபவுண்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 பேரும் பிறகு மொன்றியலுக்கும் ரொரன்ரோவுக்குமாகப் பிரிந்தார்கள். ஒரு நாலரையில் எட்டுப்பேர் இருந்த காலம் அது. அவர்களுக்குப் பிறகு, போரின் கடைசி வருடங்களில் படிப்பைப் பாதியில் விட்டு வந்த எங்களுக்கும் கிடைத்தவை அதே தெருக்கள், அதே கட்டடங்கள், அதே காற்று நுழையும் யன்னல்கள்.

இனி ஹீற்றர் விடயம். பல்கலைக்கழகத்தில் அரைகுறையாகப் படித்த பௌதிகம் இதற்குப் போதும். 1840களில் ஜூல் கண்டு சொன்னது இதுதான்: கம்பியில் ஓடும் மின்சாரம் வெப்பமாக மாறும். கம்பி ஹீற்றரில் அது முழுவதும் வெப்பமாகவே முடிகிறது, வீணாவதற்கு வேறு வழி இல்லை. ஆகவே ஒரு யூனிற் மின்சாரத்துக்கு இருபத்தைந்து டொலர் ஹீற்றர் தரும் சூடும் இருநூறு டொலர் ஹீற்றர் தரும் சூடும் ஒன்றே. சுவரிலுள்ள பேஸ்போட் தருவதும் அதே அளவுதான். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் ‘சிக்கனம்’ என்ற சொல்லுக்குக் கொடுக்கும் காசு பெட்டிக்குத்தான் போகிறது. ஒரு யூனிற்றுக்கு இரண்டு மூன்று மடங்கு சூடு தருவது ஹீற் பம்ப் மட்டுமே. அது வெளியிலுள்ள வெப்பத்தை உள்ளே இழுப்பது. சுவரைத் துளைத்துப் பொருத்தவேண்டியது என்பதால் வாடகைக்காரர் கையில் இல்லை.

கணக்கைப் பார்ப்போம். கடையிலுள்ள ஹீற்றர்களில் அநேகமானவை 1500 வாற். பத்து மணித்தியாலம் முழு வேகத்தில் ஓடினால் 15 யூனிற். ஹைட்ரோ கியூபெக் நாளொன்றுக்கு முதல் 40 யூனிற்றுக்கு ஒரு விலையும் அதற்கு மேல் கூடிய விலையும் வைத்திருக்கிறது. 2024 இல் அது சுமார் 6.7 சதமும் 10.3 சதமும். குளிர்காலத்தில் பேஸ்போட்டே முதல் நாற்பதை விழுங்கிவிடும். ஆகவே எங்கள் 15 யூனிற்றை மேல்விலையில்தான் கணக்கிடவேண்டும். நாளுக்கு ஒன்றரை டொலர், மாதம் நாற்பத்தாறு டொலர் வரும். பேஸ்போட்டையும் அப்படியே விட்டுவிட்டு இதையும் போட்டால் அது மேலதிகச் செலவு. மற்ற அறைகளின் சூட்டைக் குறைத்து, இருக்கும் ஒரு அறையை மட்டும் இதனால் சூடாக்கினால்தான் மிச்சம். எதைச் சூடாக்குகிறோம் என்பதில்தான் சிக்கனம் இருக்கிறது.

குளிர்நாட்டு ஏழைகள் இதை எப்போதோ அறிந்திருந்தார்கள். காஷ்மீரிகள் கங்ரி என்ற சிறு நெருப்புக்கூடையை நீண்ட அங்கிக்குள் வைத்துக்கொண்டு நடப்பார்கள். யப்பானியர் தாழ்ந்த மேசைக்கு அடியில் சூடு வைத்து, மேலே தடித்த போர்வை விரித்து, குடும்பமாகக் காலை நீட்டி இருப்பார்கள். எங்கள் நுவரெலியாவில் துரையின் பங்களாவுக்குக் கணப்பு இருந்தது. லயத்துச் சனத்துக்குச் சமையல் அடுப்பும் கம்பளியும்தான். எங்களோடு குசினியில் நிற்கும் மலையகத் தோழர்களுக்கு இது வாசித்து அறிந்த விடயமல்ல.

ஆகவே தெரிவு இப்படி அமையும். வேலையால் வந்து ஒரு கதிரையில் இருந்து சாப்பிட்டு, அரைமணியில் படுப்பவருக்கு சிவப்பாக ஒளிரும் வகை நல்லது. வெயில்போல அது காற்றைவிட உடம்பை நேரே சூடாக்கும். குறைந்த வாற்றிலேயே போதும். இரவு முழுவதும் பூட்டிய சிறு அறைக்கு எண்ணெய் நிரப்பியது. சத்தம் இல்லை, நிறுத்திய பிறகும் சற்று நேரம் சூடு நிற்கும், வெளிச்சுருள் எதுவும் சிவக்காது. குளிரில் விறைத்த அறையைப் பத்து நிமிடத்தில் இளக்க விசிறி வைத்தது. எதை வாங்கினாலும் சி.எஸ்.ஏ. போன்ற முத்திரையும், சரிந்தால் தானே நிற்கும் அமைப்பும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். 120 வோல்ற்றில் 1500 வாற் என்றால் 12.5 அம்பியர். வீட்டு லைன் ஒன்று தாங்குவது பெரும்பாலும் 15 அம்பியர். அதே லைனில் சோற்றுக் குக்கரும் ஓடினால் பிரேக்கர் விழும். மெல்லிய நீட்டுவயரில் கொழுவினால் பிரேக்கர் விழாமல் வயர் எரியும், அதுதான் பயங்கரம். ஹீற்றரை நேரே சுவர் பிளக்கில் கொழுவுங்கள். கட்டிலில் இருந்தும் திரைச்சீலையில் இருந்தும் ஒரு மீற்றர் தள்ளி வையுங்கள். அதற்கு முன், யன்னலில் ஒட்டும் மெல்லிய பிளாஸ்ரிக் தாளை வாங்கி ஒட்டுங்கள். எந்த ஹீற்றரையும்விட அது மலிவு.

மின்சாரத்தில் மட்டுமே தங்கிய நகரம் எவ்வளவு பலவீனமானது என்பது 1998 ஜனவரியில் வெளிப்பட்டது. 5ஆம் திகதி தொடங்கி ஐந்தாறு நாட்கள் உறைமழை பெய்தது. கம்பிகளில் பனிக்கட்டி தடித்து, இராட்சதக் கோபுரங்கள் கடதாசிபோல மடிந்தன. கியூபெக்கில் முப்பது லட்சத்துக்கும் அதிகமானோருக்கு மின்சாரம் இல்லை. மொன்றியலுக்குத் தெற்கே சில இடங்களில் ஒரு மாதம்வரை இருள். குளிர் தாங்காமல் வீட்டுக்குள் எரிபொருள் ஹீற்றர்களையும் வெளியில் இறைச்சி வாட்டும் அடுப்புகளையும் கொளுத்தியவர்களில் சிலர் காபன் மொனொக்சைட் வாயுவால் செத்தார்கள். மணமில்லாத, நித்திரையிலேயே கொல்லும் வாயு அது. அப்போது இங்கிருந்த எங்கள் ஆட்கள், இருள் தங்களுக்குப் புதிதல்ல என்று சொல்வார்கள். 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றபின், மண்ணெண்ணெய்த் தடைக்குள் ஜாம்போத்தல் விளக்கில் படித்த சனம் நாங்கள். ஆனால் ஊரில் இருள் மட்டும்தான், இங்கே இருளோடு குளிரும். ஊர்ப்பழக்கத்தில் அறைக்குள் மண்ணெண்ணெய் அடுப்பையோ கரியையோ கொளுத்தும் யோசனை எவருக்கும் வரவேண்டாம்.

இனி, ‘எங்கள் வீடு’ என்ற கோஷத்துக்கு வெளியே நின்றவர்கள்.

1971 ஏப்ரலில் பிரதமர் றொபேர் பூராஸா ஜேம்ஸ் குடாத் திட்டத்தை அறிவித்தபோது அந்த மண்ணின் கிறீ மக்களிடமோ இனுவிற் மக்களிடமோ எவரும் கேட்கவில்லை. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1973 நவம்பரில் நீதிபதி அல்பேர் மலூஃப் வேலையை நிறுத்தும்படி உத்தரவிட்டார். ஒரு வாரத்துக்குள் மேல்நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. அணைகள் எழுந்துகொண்டிருக்க, 1975 நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பத்தாயிரம் சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நிலம் தண்ணீருக்குள் போனது. வேட்டைப் பாதைகளும் மூதாதையர் புதைகுழிகளும் மூழ்கின. மூழ்கிய மண்ணிலிருந்து பாதரசம் கரைந்து மீனில் ஏறியது. மீனே உணவான மக்களிடம் மீனைக் குறைத்துச் சாப்பிடச் சொன்னார்கள். ஆற்று முகத்துவாரத் தீவிலிருந்த ஃபோர்ட் ஜோர்ஜ் என்ற முழு ஊரும் 1980 அளவில் இடம்பெயர்ந்து சிசாசிபி என்ற புது ஊருக்குப் போனது. அந்தப் பெயருக்கு அவர்கள் மொழியில் பேராறு என்று பொருள்.

ஊர் மூழ்குவது எங்களுக்கும் அந்நியமான கதையல்ல. 1960களின் இறுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கடிக்கப்பட்டது. தண்ணீர் வற்றும் காலத்தில் அந்தக் கோயிலின் இடிபாடுகள் இன்றும் வெளியே தெரியும். அந்த மலைகளின் தண்ணீர் கொழும்புக்கு வெளிச்சம் கொடுத்தது. அந்த மலைகளின் லயங்கள் அதற்குப் பிறகும் பல வருடங்கள் குப்பிவிளக்கில் கிடந்தன.

கிறீ மக்கள் அதோடு ஓயவில்லை. கிரேற் வேல் என்ற அடுத்த திட்டத்தை எதிர்த்து 1990 இல் இனுவிற் மக்களோடு சேர்ந்து ஒரு படகைக் கட்டி, அதில் நியூயோர்க் வரை போனார்கள். மின்சாரம் வாங்கும் நகரத்துக்கே போய், உங்கள் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்கள். 1994 நவம்பரில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. எங்கள் அறையின் ஹீற்றர் சிவக்கும்போது அதில் ஓடுவது அவர்களுடைய ஆறும்தான். ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட நாங்கள், ஊரைத் தண்ணீருக்குக் கொடுத்தவர்களின் ஆற்றில் குளிர்காய்கிறோம். இதற்காக ஹீற்றரை நிறுத்திவிட்டு விறைக்கவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ‘மலிவான மின்சாரம்’ என்று இங்கே சொல்லும்போது யாருக்கு மலிவு, விலையில் மிச்சத்தை யார் கொடுத்தார் என்று தெரிந்திருக்கவேண்டும் என்கிறோம்.

இன்னொன்றும் தெரிந்திருக்கவேண்டும். மொன்றியல் மாநகரத்தின் குடியிருப்பு ஒழுங்குவிதிப்படி ஒவ்வொரு வாடகை வீட்டிலும், வசிக்கும் அறைகளை 21 பாகையில் வைத்திருக்கக்கூடிய நிரந்தரமான சூடேற்றும் ஏற்பாடு வேலைசெய்யும் நிலையில் இருக்கவேண்டும். அறையின் நடுவில், நிலத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் அளக்கவேண்டும். கையில் தூக்கிச் செல்லும் ஹீற்றர் அந்த நிரந்தர ஏற்பாட்டுக்கு ஈடாகாது. பேஸ்போட் பழுதென்று சொன்னால் ஒரு சிறு ஹீற்றரைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போகும் வீட்டுக்காரர்களை எங்களில் பலர் கண்டிருக்கிறோம். நன்றி சொல்லி வாங்கியும் இருக்கிறோம். அது உதவி அல்ல, அவருடைய கடமை எங்கள் மீற்றருக்கு மாறுவது. ஒரு வெப்பமானி சில டொலர்தான். திகதியும் நேரமும் அளவும் ஒரு கொப்பியில் எழுதிவைத்து, கடிதமாகக் கொடுத்து, சரிவராவிட்டால் மாநகரப் பரிசோதகரிடம் முறையிடலாம். வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் நீதிமன்றமும் இருக்கிறது. 1980 இல் தொடங்கிய ரெஜி டு லொஜ்மோன் 2020 இலிருந்து வீட்டுக் குடியிருப்பு நிர்வாகத் தீர்ப்பாயம் என்ற பெயரில் இயங்குகிறது. பில் கட்ட முடியாதவர்களின் வீட்டு மின்சாரத்தை டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை ஹைட்ரோ கியூபெக் வெட்டமுடியாது. ஏப்ரலில் பாக்கி காத்திருக்கும், ஆகவே முன்கூட்டியே பேசித் தவணை கேட்பது நல்லது.

அகதி வழக்கு முடியாதவர்கள் முறைப்பாடு செய்யப் பயப்படுவார்கள். அந்தப் பயத்தை எங்களுக்குத் தெரியும். ஆனால் 21 பாகை என்ற விதி குடியுரிமைப் பத்திரம் கேட்பதில்லை, அந்த வீட்டில் யார் இருந்தாலும் அது பொருந்தும். இந்த வருடம் கடைக்குப் போகும்போது முதலில் வெப்பமானியை வாங்குங்கள், பிறகு யன்னலுக்குப் பிளாஸ்ரிக் தாள். அதற்கும் மேல் தேவைப்பட்டால் ஹீற்றர், அதிலும் விலை குறைந்ததே போதும்.